நொடிக் கணக்கும் ரீடேக் கணக்கும்

"செகண்டுக்கு எவ்வளவு வாங்குறீங்க?" என்பதுதான் தனியாகத் தொழில் செய்யும் அனிமேட்டரிடம் புதிய வாடிக்கையாளர் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி. டைல்ஸ் ஒட்டுபவரிடம் சதுர அடிக்கு எவ்வளவு என்று விசாரிப்பதைப் போல அவர் கேட்கிறார். அதில் தவறேதும் இல்லை. நாலு பேரிடம் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு ஓர் எண் வேண்டும். ஆனால் டைல்ஸ் ஒட்டும் தரையில் ஒரு சதுர அடியும் அடுத்த சதுர அடியும் ஏறக்குறைய ஒரே உழைப்பைத்தான் கேட்கின்றன. அனிமேஷனில் ஒரு நொடிக்கும் அடுத்த நொடிக்கும் இடையே அப்படி எந்த ஒப்புமையும் கிடையாது. இந்தத் தொழிலில் செலவைத் தீர்மானிப்பதில் படத்தின் நீளத்தைவிடப் பெரிய பங்கு, திருத்தம் எந்தக் கட்டத்தில் வந்து சேர்கிறது என்பதற்கு உண்டு. விலை சொல்வதும் சக அனிமேட்டரின் வேலையைப் பார்த்துக் கருத்துச் சொல்வதும் வேறு வேறு திறமைகளாகத் தோன்றினாலும், இரண்டிலும் நாம் சறுக்குவது இந்த ஓர் இடத்தில்தான்.

நீளத்தை வைத்து விலை பேசும் வழக்கம் ஃபிலிம் காலத்து மிச்சம். 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம்கள், அதாவது அடுத்தடுத்து ஓடும் தனித்தனிப் படக்கட்டங்கள். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும்போது ஒரு நொடி என்பது ஒன்றரை அடி, ஒரு நிமிடம் என்பது 90 அடி. கையால் வரைந்த காலத்து ஹாலிவுட் ஸ்டூடியோக்கள், ஓர் அனிமேட்டர் வாரத்துக்கு எத்தனை அடி முடித்தார் என்றே கணக்குப் பார்த்தன. அங்கே ஊதியம் பெரும்பாலும் வாரச் சம்பளமாக வந்ததால், கடினமான காட்சி கையில் மாட்டி அடிக்கணக்கு குறைந்த வாரத்திலும் அடுப்பு எரிந்தது. ஜப்பானில் நிலைமை வேறு. அங்குள்ள பல ஸ்டூடியோக்களில் ஓர் அசைவின் முக்கியப் படங்களை வரைபவருக்குக் காட்சித் துண்டு ஒன்றுக்கு இவ்வளவு என்றும், அவற்றுக்கு நடுவே வரும் இடைப்படங்களை வரைபவருக்குத் தாள் ஒன்றுக்கு இவ்வளவு என்றும் கூலி. தாளுக்குச் சுமார் 200 யென் என்ற அளவு நீண்ட காலம் பேசப்பட்டு வந்திருக்கிறது. ஒற்றை முகம் உள்ள தாளுக்கும் கூட்டம் நிறைந்த தாளுக்கும் கூலி ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் யார் பாடு திண்டாட்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. நொடிக்கு இவ்வளவு என்று ஒரே எண்ணைச் சொல்லிவிடும் ஃப்ரீலான்ஸ் அனிமேட்டர், சம்பளத்தின் பாதுகாப்பும் இல்லாமல், காட்சிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் இல்லாமல், அதே கூலி முறைக்குள் தானாகவே போய் உட்கார்ந்துகொள்கிறார்.

இரண்டு காட்சிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் 2டி, இரண்டும் 10 நொடி. முதலாவதில் ஒருவர் தெருவோரமாக நடந்து போகிறார். இயல்பான நடையில் ஓர் எட்டுக்கு ஏறக்குறைய 12 ஃபிரேம் ஆகும். வலது எட்டும் இடது எட்டும் சேர்ந்தால் 24 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தும் வழக்கப்படி 12 படங்கள் வரைந்தால் நடை ஒரு சுற்று முடிந்துவிடும். அந்தச் சுற்றையே திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பின்னணியை நகர்த்தினால் 10 நொடியும் நிறைந்துவிடும். இரண்டாவது காட்சியில், ஊரிலிருந்து வந்து இறங்கும் மகனை அம்மா ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். இங்கே திரும்பப் பயன்படுத்த எதுவும் இல்லை. 10 நொடிக்கு 120 படங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு உடல்கள். ஆக 240 உருவங்களை வரைய வேண்டும். அவள் கை அவன் முதுகுக்குப் பின்னால் போக வேண்டும், அவன் கை அவள் தோளுக்கு முன்னால் வர வேண்டும். எந்த அடுக்கு மேலே, எந்த அடுக்கு கீழே என்பது காட்சியின் நடுவிலேயே மாறும். ரிக் போட்ட, அதாவது கைகால்களை அசைக்க மூட்டுகள் பூட்டிய, கணினிப் பொம்மையை வைத்துச் செய்தாலும் கட்டிப்பிடிக்கிற காட்சி என்றால் அனிமேட்டர்கள் பெருமூச்சு விடுவது இதனால்தான். பன்னிரண்டுக்கும் இருநூற்று நாற்பதுக்கும் ஒரே நொடி விலையைச் சொல்வது தொழில் நியாயம் ஆகாது.

அதற்கும் மேலான சிக்கல் திருத்தத்தில் இருக்கிறது. கதைவசனம், காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரையும் ஸ்டோரிபோர்டு, அதை நேரக்கணக்கோடு ஓட்டிப் பார்க்கும் அனிமேட்டிக், பாத்திர வடிவமைப்பு, ரிக், பின்னணி, அனிமேஷன், எல்லா அடுக்குகளையும் ஒன்றாகச் சேர்க்கும் கம்போசிட்டிங் என்று வேலை படிப்படியாகப் போகிறது. ஒவ்வொரு படியும் முந்தைய படியின் தோளில் ஏறி நிற்கிறது. ஸ்டோரிபோர்டில் ஒரு பாத்திரத்தை எடுத்துவிடு என்றால் அரை மணி நேர வேலை. அதையே கடைசி ரெண்டர், அதாவது முழுப் படத்தையும் கணினி உருவாக்கித் தரும் வேலை, முடிந்த பிறகு சொன்னால், அந்தப் பாத்திரம் நின்ற இடத்துக்குப் பின்னணி வரைய வேண்டும், அவரைப் பார்த்துத் திரும்பிய மற்றவர்களின் கண்களையும் தலையையும் மாற்ற வேண்டும், இசையும் ஒலியும் புதிதாகப் பொருத்த வேண்டும். வாக்கியம் அதே வாக்கியம்தான். சொன்ன நாள்தான் வேறு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சுகாதார விழிப்புணர்வுப் படத்தில் இதைப் பணம் கொடுத்துக் கற்றேன். வீடு வீடாகப் போகும் களப்பணியாளர் ஒருவர்தான் மையப் பாத்திரம். அவரைச் சுடிதாரில் வடிவமைத்திருந்தேன். ரெண்டர் அனுப்பிய மறுநாள் காலை வாட்ஸாப்பில் ஒரு வரி வந்தது: "சார், அவங்களுக்குச் சேலை கட்டிவிட்டா நல்லா இருக்கும்." எழுதியவருக்கு அது சட்டை நிறத்தை மாற்றுவதைப் போன்ற ஒன்று. எனக்கோ, தனித்தனியாக அசைந்துகொண்டிருந்த இரண்டு கால்களும் காணாமல் போய், அவற்றின் இடத்தில் எட்டு வைக்கும்தோறும் விரிந்து மடியும் கொசுவம் வந்தது. உடல் நின்ற பிறகும் இரண்டு மூன்று ஃபிரேம் தாமதமாக வந்து அடங்கும் முந்தானை வந்தது. திண்ணையில் உட்காரும் காட்சியையும் குழந்தையைத் தூக்கும் காட்சியையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. ஒன்பது நாள் போயிற்று. என்னுடைய கொட்டேஷனில் "இரண்டு முறை திருத்தம் இலவசம்" என்று நானே தாராளமாக எழுதியிருந்தேன். எந்தக் கட்டத்தில் என்று எழுதவில்லை. இத்தனைக்கும் அவர் சொன்னது சரியான திருத்தம். சேலையில் அந்தப் பாத்திரம் உண்மையிலேயே இன்னும் உயிரோடு தெரிந்தது. வடிவமைப்பைத் தனியாக அனுப்பி ஒப்புதல் வாங்காமல் நேரே ரிக் போடப் போனது என் அவசரம்.

ஆகவே கொட்டேஷன் என்பது விலைச்சீட்டாக மட்டும் இருந்தால் போதாது. எந்தப் படியில் எது முடிந்ததாகக் கொள்ளப்படும் என்பதை அது சொல்ல வேண்டும். "அனிமேட்டிக் ஒப்புதலுக்குப் பின் கதை, உடை, பாத்திர எண்ணிக்கை ஆகியவற்றில் வரும் மாற்றங்கள் நாள் விலையில் தனியே கணக்கிடப்படும்" என்ற ஒற்றை வரி, விலையில் பத்தாயிரம் கூட்டிக் கேட்பதைவிட அதிகப் பாதுகாப்பைத் தரும். முன்பணம் 40 சதவீதம், அனிமேட்டிக் ஒப்புதலில் 30, இறுதிக் கோப்பு கைமாறுவதற்கு முன் மீதி 30 என்று தவணைகளையும் அதே படிகளில் கட்டிவிட்டால், ஒப்புதலைத் தள்ளிப்போடும் வாடிக்கையாளருக்கும் ஒரு நிதானம் வந்துவிடுகிறது. மொழியையும் அந்தத் தாளிலேயே எழுதிவிட வேண்டும். ஆங்கிலக் குரலுக்கு வாயசைவு செய்து முடித்த படத்தைத் தமிழிலும் இந்தியிலும் கேட்பது இங்கே சர்வ சாதாரணம். அதே விஷயத்தைத் தமிழில் சொல்லப் பெரும்பாலும் கூடுதல் நேரம் பிடிக்கும். வாயசைவோடு நின்றுவிடாமல் காட்சி நீளங்களையும் அது இழுக்கும்.

இனி நாள் விலைக்கு வருவோம். இது ஒரு மாதிரிக் கணக்குதான். ஊருக்கும் அனுபவத்துக்கும் ஏற்ப எண்கள் மாறும், முறை மாறாது. மாதம் 50,000 ரூபாய் கையில் நிற்க வேண்டும் என்று ஒருவர் நினைக்கிறார். கணினியின் தேய்மானம், மென்பொருள் சந்தா, மின்சாரம், இணையம், மருத்துவக் காப்பீடு எல்லாம் சேர்த்து 15,000. மொத்தம் 65,000. இதை மாதத்தின் 25 வேலை நாட்களால் வகுப்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. வாடிக்கையாளர் தேடுவது, கொட்டேஷன் எழுதுவது, கூட்டங்களுக்குப் போவது, புதிய மென்பொருள் பழகுவது, வராத பணத்துக்குப் போன் போடுவது ஆகிய எதற்கும் யாரும் பில் கட்டுவதில்லை. பில் போடக்கூடிய நாட்கள் மாதத்துக்கு 13 தேறினால் பெரிய விஷயம். 65,000 ரூபாயை 13 நாட்களால் வகுத்தால் நாள் விலை 5,000 ரூபாய்.

இப்போது ஒரு நிமிட விளக்கப்படம் வருகிறது. ஸ்டோரிபோர்டுக்கு 3 நாள், அனிமேட்டிக்குக்கு 1, வடிவமைப்புக்கும் ரிக்குக்கும் 4, பின்னணிகளுக்கு 3, ஒரு நாளைக்கு 6 நொடி வீதம் அனிமேஷனுக்கு 10, கம்போசிட்டிங்குக்கும் ஒலிக்கும் 2. ஆக 23 நாள். ஒப்புக்கொண்ட திருத்தங்களுக்கு 4 நாள் ஒதுக்கினால் 27. விலை 1,35,000 ரூபாய். இதையே சம்பளக்காரர் மனத்தோடு, 50,000 ரூபாயை 25 நாட்களால் வகுத்து நாளுக்கு 2,000 என்று வைத்து, திருத்த நாட்களையும் மறந்து கணக்கிட்டால் 46,000 ரூபாய் வரும். சந்தையில் ஒரே வேலைக்கு ஒருவர் ஒன்றே கால் லட்சத்துக்கு மேலும் இன்னொருவர் ஐம்பதாயிரத்துக்குக் கீழும் சொல்வதைப் பார்த்து வாடிக்கையாளர்கள் குழம்புவதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம். குறைத்துச் சொன்னவர் போட்டியில் வென்றதாக நினைத்துக்கொள்கிறார். மூன்றாவது மாதத்தில் இ.எம்.ஐ. கட்டும் தேதி வரும்போதுதான் நிலவரம் தெரிகிறது. வாடிக்கையாளர் வற்புறுத்தினால் நொடி விலை சொல்லலாம். மேலே உள்ள கணக்கில் அது 2,250 ரூபாய். அந்த எண் கணக்கின் முடிவில் பிறக்க வேண்டுமே தவிரத் தொடக்கத்தில் அல்ல.

வரி விஷயத்தில் விரைவாகச் சிலவற்றைச் சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் சேவைத் தொழில் செய்பவரின் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்போது ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமாகிறது, பதிவு செய்தவர் அனிமேஷன் வேலைக்கு 18 சதவீதம் சேர்த்து பில் போடுகிறார். வரி உட்பட விலையா, வரி நீங்கலாகவா என்பதைக் கொட்டேஷனில் எழுதாமல் விட்டால் அந்த 18 சதவீதம் நம் பையிலிருந்து போகும். நிறுவனங்கள் தொழில்முறைக் கட்டணம் என்ற வகையில் 10 சதவீதத்தை டி.டி.எஸ். ஆகப் பிடித்துக்கொண்டு கொடுப்பது வழக்கம். அது கணக்கு தாக்கல் செய்யும்போது நம் வரியில் வரவு வைக்கப்படும் தொகை, நஷ்டம் அல்ல.

பணம் தாமதமாவதற்குச் சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது; அதைப் பயன்படுத்தும் அனிமேட்டர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அரசின் உத்யம் தளத்தில் பதிவு பெற்ற குறு, சிறு தொழில்முனைவோருக்கு 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்க முடியாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. போதாததற்கு 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதிப்படி, குறு, சிறு தொழில்முனைவோருக்குக் காலம் தாண்டிக் கொடுத்த தொகையை அந்த நிதியாண்டின் செலவாக நிறுவனங்கள் காட்ட முடியாமல் போகலாம். இன்வாய்ஸில் உத்யம் எண்ணை அச்சிட்டு அனுப்புங்கள். மார்ச் மாதத்தில் அவர்களுடைய கணக்கரே உங்களைத் தேடிப் போன் செய்யக்கூடும்.

உரிமையைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. "நான் வரைந்தது, எனக்கே சொந்தம்" என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் பெற்று எடுத்துக் கொடுக்கப்படும் படத்துக்கு, மாறான ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோது, பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். ரிக், அடுக்குகள், திட்டக் கோப்பு ஆகியவற்றைக் கையளிப்பதா வேண்டாமா, நம் மாதிரித் தொகுப்பில் அந்தப் படத்தைக் காட்டலாமா என்பதையெல்லாம் முதலிலேயே எழுதிக்கொள்வது இதனால்தான் முக்கியமாகிறது. மூலக்கோப்புகளைக் கேட்பவருக்குத் தனி விலை சொல்வது நியாயமே. அடுத்த பத்துப் படங்களை வேறொருவரைக் கொண்டு செய்துகொள்ளும் வசதியை அவர் வாங்குகிறார்.

மாதிரித் தொகுப்பில் காட்டலாமா என்ற கேள்வி நேரே சக அனிமேட்டர்களின் கருத்துக்கு வந்து சேர்கிறது. வாடிக்கையாளரின் முடியாத படத்தை நண்பர்கள் குழுவில் போட்டு "எப்படி இருக்கு?" என்று கேட்பது பல ரகசியக் காப்பு ஒப்பந்தங்களை மீறும் செயல். லோகோவையும் குரலையும் நீக்கிவிட்டு அசைவை மட்டும் காட்டக்கூட அனுமதி இருக்கிறதா என்று பார்த்த பிறகே பகிர வேண்டும். கருத்துச் சொல்பவருக்கும் இதில் பொறுப்பு உண்டு: வந்ததை வேறிடத்துக்கு அனுப்பக் கூடாது.

முடியாத வேலையைக் காட்டிக் கருத்துக் கேட்கும் பழக்கம் இந்தக் கலையோடு கூடவே வளர்ந்தது. 1930களில் டிஸ்னி ஸ்டூடியோவில் பென்சில் கோடுகளை மட்டும் படம்பிடித்து, காற்றோட்டம் இல்லாத ஒரு சிறிய அறையில் ஓட்டிப் பார்ப்பார்கள். வியர்வைப் பெட்டி என்று பொருள்படும் பெயர் அந்த அறைக்கு அமைந்தது, புழுக்கத்தால் மட்டுமல்ல என்று நினைக்க இடமுண்டு. பிக்சாரில் இயக்குநர்கள் கூடி ஒருவர் படத்தை மற்றவர் அலசும் கூட்டத்துக்கு ஒரு விதி இருக்கிறது: கூட்டத்தில் சொல்லப்படும் எதையும் படத்தின் இயக்குநர் ஏற்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்த இரண்டு முறைகளிலும் வண்ணமும் ஒளியும் ஏறுவதற்கு முன்பே, மாற்றுவது மலிவாக இருக்கும்போதே, வேலை மற்றவர் கண்ணில் பட்டுவிடுகிறது. நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முக்கிய நிலைகளை மட்டும் வைத்துப் பார்க்கும் பிளாக்கிங்கை யாருக்கும் காட்ட வெட்கப்பட்டு, எல்லாம் மெருகேறிய பிறகு காட்டுகிறோம். அப்போது வரும் சரியான கருத்துகூட வேதனையைத் தவிர வேறெதையும் தருவதில்லை.

எனவே கருத்துச் சொல்பவர் முதலில் கேட்க வேண்டியவை மூன்று: இது எந்தக் கட்டம், எவ்வளவு நாள் மிச்சம் இருக்கிறது, எதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். பிளாக்கிங்கில் விரல்களைப் பற்றிப் பேசுவது வீண். இறுதிக் கட்டத்தில் நிற்கும் நிலையையே மாற்றச் சொல்வது, நாளைக்கு ஒப்படைக்க வேண்டியவருக்கு இரக்கமற்ற செயல். மூன்று நாள் காசுக்கு ஒப்புக்கொண்ட காட்சியில் மூன்று வாரத்துக்கான நுணுக்கத்தைக் கேட்பவர் ரசனை உள்ளவராக இருக்கலாம், நல்ல விமர்சகர் அல்லர். இந்தக் காட்சிக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது அநாகரிகமான கேள்வி என்று நாம் பழகிவிட்டோம்; ஆனால் அதைத் தெரிந்துகொள்ளாமல் கருத்தின் அளவை முடிவு செய்ய முடியாது.

அடுத்தது இடம் சுட்டிச் சொல்வது. ஒரு தம்பி, பையன் ஒருவன் மதில்மேலிருந்து குதிக்கும் லைன் டெஸ்ட்டை, அதாவது கோட்டுப் படங்களை மட்டும் ஓட்டிப் பார்க்கும் சோதனையை, அனுப்பியிருந்தார். குழுவில் "சூப்பர் ப்ரோ" என்று நாலு பேர், உடலின் கனம் தெரியவில்லை என்ற பொருளில் "வெயிட் இல்ல" என்று ஒருவர். கடைசியாகச் சொன்னவர் சரியாகவே சொல்லியிருந்தார், ஆனால் அதை வைத்து அந்தத் தம்பி எதையும் செய்ய முடியாது. நான் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன். மதில், பையனின் உயரத்தோடு ஒப்பிட்டால் சுமார் 1.2 மீட்டர். அந்த உயரத்திலிருந்து விழும் உடல் தரையைத் தொட ஏறக்குறைய அரை நொடி, அதாவது 12 ஃபிரேம்தான் ஆகும். இங்கே 42ஆம் ஃபிரேமில் காலை எடுத்தவன் 62இல்தான் இறங்குகிறான். மேலும் இடைப்பட்ட படங்களில் இடுப்பு ஒவ்வொரு முறையும் ஒரே தூரம் இறங்குகிறது. விழும் பொருள் சம இடைவெளிகளில் கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் கூடிக்கொண்டே போக வேண்டும். மேலே படங்கள் நெருங்கியும் தரைக்கு அருகில் அகன்றும் இருந்தால்தான் கண் அதை விழுதல் என்று நம்பும். இவ்வளவையும் எழுதிவிட்டு, "கார்ட்டூன் பாணிக்காக வேண்டுமென்றே மிதக்கவிட்டிருந்தால் இதை விட்டுவிடுங்கள்" என்றும் சேர்த்தேன். பாணியா பிழையா என்பதைச் செய்தவர்தான் சொல்ல வேண்டும்.

நோயின் இடத்தைச் சொல்லலாம், மருந்தை அவரிடமே விட்டுவிடுவது பெரும்பாலும் நல்லது. அவர் படத்தின் மேலேயே வரைந்து காட்டுவது சில நேரம் பத்து வரி விளக்கத்தைவிட உதவும். ஆனால் கேட்ட பிறகே வரைய வேண்டும், ஒரு காட்சியில் ஒன்றிரண்டு படங்களுக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் போனால் அது உங்கள் காட்சியாகிவிடும். வாரம் தவறாமல் ஒருவரின் முழுப் படத்தையும் பார்த்துத் திருத்தக் குறிப்பு எழுதித் தருவது நட்பின் எல்லையைத் தாண்டி மேற்பார்வை வேலையாகிறது. அதற்குக் கூச்சமில்லாமல் நாள் விலை சொல்லலாம், அவரும் அதைத் தன் கொட்டேஷனில் ஒரு செலவாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

குதிக்கும் பையனைத் திருத்தி அனுப்பிய அதே தம்பி, அடுத்த வாரம் போன் செய்தார். "அண்ணே, 90 செகண்ட் படம் ஒண்ணு வந்திருக்கு. எவ்வளவு கேக்கலாம்?" இங்கே ஓர் எண்ணைச் சொல்லிவிடுவது எளிது, "வெயிட் இல்ல" என்று எழுதுவதைப் போன்ற எளிமை அது. எழுத்து யாருடையது, எத்தனை பாத்திரம், ஒரு மொழியா மூன்றா, ஒப்புதல் தருபவர் ஒருவரா ஒரு குழுவா, மூலக்கோப்பு கேட்கிறார்களா என்று வரிசையாகக் கேட்டேன். பாதிக்கு மேல் அவருக்கே தெரியவில்லை. கேட்டுவிட்டு இரண்டு நாள் கழித்து அழைத்தார். ஒப்புதல் தரப்போவது ஐந்து பேர் கொண்ட குழு என்றும், மூன்று மொழி வேண்டும் என்றும், மையப் பாத்திரமான பாட்டி சேலை கட்டியவர் என்றும் தெரிந்தது. அவர் மனத்தில் வைத்திருந்த தொகையைக் கேட்டுவிட்டு, கொசுவத்துக்கு எத்தனை நாள் போட்டிருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன்.